கேட்டை, எம் வகை

கொட்பே ஐஸ் ஆலையில் எனக்கு இரவு முறை.
மணிக்கொரு தரம் அழுத்தமானியைப் பார்த்து
ஏட்டில் எழுத வேண்டும்.
மிச்ச நேரத்துக்கு ஒரு பழைய மடிக்கணினி.
எங்கோ ஒரு மலைத் தொலைநோக்கி பிடித்த
நட்சத்திரங்களின் நிறமாலைகளை
வகை பிரித்துத் தாருங்கள் என்று
முகம் தெரியாத ஆட்களிடம் விட்டிருக்கிறார்கள்.
சம்பளம் இல்லை.

நட்சத்திரம் எண்டால் புள்ளி எண்டுதான் நினைச்சிருந்தன்.
இது கோடு.
இருதயத்துக்கு எடுத்த கடதாசி போல
மேடும் பள்ளமுமாய் ஓடும்.
ஐதரசன் ஒளியை விழுங்கிய இடத்தில் ஒரு குழி,
கல்சியம் விழுங்கிய இடத்தில் இரண்டு.
குழிகளைப் பார்த்து எழுத்துப் போட வேண்டும்:
ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம்.

முதலில் ஒழுங்கான அகரவரிசையில்தான் அடுக்கினார்களாம்.
சூட்டின்படி மாற்றியபோது
பல எழுத்துகள் காணாமல் போயின,
மிஞ்சியவை இடம் மாறி நின்றன,
முகாமிலிருந்து திரும்பிய வருடம்
எங்கள் வகுப்பு இடாப்பைப் போல.

ஓ நீலம், முப்பதாயிரம் பாகைக்கு மேல்.
எம் சிவப்பு, மூவாயிரம் சொச்சம்.
அதைக் 'குளிர்' என்று நான் குறிக்கும்போது
பக்கத்து உப்புநீர்த் தொட்டி
சுழியத்துக்குக் கீழே பத்தில் நின்று
குமிழியிட்டுச் சிரிக்கும்.

ஒரு நட்சத்திரம் பிறந்து சாகும்வரை
காத்திருந்து பார்த்தவர் யாரும் இல்லை.
பிறகு எப்படித் தெரியும்?
விடியப்புறம் ஏலத் தரையில் கிடந்த மீனைப் பார்த்தேன்.
சின்னதெல்லாம் குஞ்சு அல்ல.
கீரி ஒருநாளும் சூரையாக வளராது.
ஆனால் சூரைக்குஞ்சும் சூரையும்
சினை வைத்துத் தொங்கும் சூரையும்
ஒரே காலையில் ஒரே சீமெந்தில் கிடக்கும்.
எது எதன் இளமை என்று பிடிபட்டால்
ஒரு காலையிலேயே ஓர் ஆயுளை வாசிக்கலாம்.
கூலர் லொறி நிஸ்தார் இதைக் கேட்டுவிட்டு,
"அப்ப வானமும் வாடிதானா தங்கச்சி" என்றார்.

வயது முப்பத்தொன்பது.
திருமலையில் ஏழு இடத்தில் குறிப்புப் பார்த்தாயிற்று.
"கேட்டை. மாப்பிள்ளையின் தமையனுக்கு ஆகாது."
கடைசியாய் வந்தவர்களின் பையனுக்குத் தமையனே இல்லை.
"இருந்திருந்தால்?" என்று கேட்டார்கள்.

அன்றிரவு பட்டியலில் அவளைத் தேடினேன்.
கேட்டை: எம் வகை.
எம்மில் அனேகம் பேர் சிவப்புக் குள்ளர்கள்,
மகா கஞ்சர்கள்.
ஐதரசனை எண்ணி எண்ணி எரித்து
இந்தப் பிரபஞ்சத்தின் வயதைப்போலப் பல மடங்கு இருப்பார்கள்.
அதே எழுத்தில்தான் இவளும்.
எழுத்து சூட்டைத்தான் சொல்லும்,
பருமனைச் சொல்லாது.
சூரியனை எடுத்துவிட்டு இவளை வைத்தால்
பூமியை விழுங்கி, செவ்வாயின் பாதையையும் தாண்டி நிற்பாள்.

பாரமாய்ப் பிறந்தவள். அப்போது நீலம்.
பாரம் கூடினால் எரிவும் கூடும்.
சூரியனைவிட எவ்வளவோ இளையவள்,
அதற்குள் ஐதரசன் முடிந்து,
ஊதிப் பெருத்து, மேல்தோல் ஆறி, சிவந்து...
இனி ஈலியம், கரி, ஒட்சிசன் என்று
அடுப்பில் ஒவ்வொன்றாய்ப் போட்டு
இரும்பில் வந்து நிற்பாள்.
இரும்பு எரிந்து எதுவும் தராது.
அதோடு சரி. வெடிப்பாள்.
எப்போது என்று எந்தப் பஞ்சாங்கத்திலும் இல்லை.
வெடித்தே விட்டாளோ என்னவோ,
சேதி இன்னும் வழியில்.

வைகாசி, இரவு ஒரு மணி. மின்சாரம் போனது.
ஜெனரேட்டர் இழுத்துப் பிடிக்கும்வரை
துறைமுகம் முழுக்க இருட்டு.
கதவைத் தள்ளினேன்.
மூதூர்ப் பக்கத்து வானில்
தேளின் நெஞ்சுக்குள் அவள்,
எவருடைய தமையனையும் தெரியாத சிவப்பு.

நாற்பது நொடி இருக்கும்.
இயந்திரம் இருமிக்கொண்டு எழும்பியது.
ஏட்டில் நேரம் எழுதி, கையொப்பம் வைத்து
அடுத்த கோட்டைத் திறந்தேன்.
ஐதரசன் குழிகள் ஆழமாய்க் கிடந்தன.
ஏ என்று போட்டேன்.
கீழே 'உறுதியில்லை' என்ற பெட்டியிலும்
ஒரு சரி அடையாளம் இட்டேன்.